திருப்புளியையும் கொடுத்துவிட்டு வாருங்கள்

அந்த மெஷினை ஒரு தாயும் மகனும் இரண்டு மணி நேரம் சுமந்து வந்திருந்தார்கள். தாழை ஓலைப் பாயில் சுற்றி, நீளக் கழியில் கட்டி, முன்னால் அவர், பின்னால் பையன். தேவாலயக் கூடத்தின் திண்ணையில் இறக்கிவைத்துப் பாயைப் பிரித்தபோது, கறுப்பு இரும்பு உடம்பும் பாதி அழிந்த பொன் எழுத்துகளும் தெரிந்தன. கையால் சுற்றித் தைக்கும் பழைய மெஷின். சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை.

“எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?” என்று கேட்டேன்.

“மூன்று கிறிஸ்துமஸ்” என்றார்.

மேலேயிருக்கும் எண்ணெய்த் துளையில் மூக்கை வைத்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய். மெஷின் எண்ணெய் கிடைக்காத இடத்தில் கைக்கு எட்டுவது அதுதான். முதல் சில நாட்கள் மெஷின் வெண்ணெயாக ஓடும். பிறகு துணியின் பஞ்சுத் துகளும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் கெட்டுப் பிசினாகும். கடைசியில் இரும்போடு இரும்பு ஒட்டிக்கொண்டு அரக்கு வைத்து முத்திரையிட்டது போல் ஆகிவிடும். உள்ளே எந்தப் பாகமும் உடைந்திருக்காது. ஆனால் மெஷின் செத்துவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டி, மூலையில் வைத்துத் துணி போட்டு மூடிவிடுவார்கள்.

வேண்டியவை இரண்டுதான்: மண்ணெண்ணெய், பொறுமை. இரும்பு இரும்போடு உரசும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொட்டு விட்டேன். சக்கரத்தை வலிந்து திருப்பாமல், கதவைத் தட்டுவது போல் முன்னும் பின்னும் லேசாக அசைத்தேன். அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடியும் ஒரு சுற்றுச் சொட்டு. பழைய பல் துலக்கும் பிரஷால், துணியை நகர்த்தும் ‘பல்’லின் இடுக்கிலிருந்த அழுக்கைச் சுரண்டினேன், உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு போலவே வந்தது. பிற்பகல் நான்கு மணிவாக்கில் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அந்த அம்மா என் கையைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டார். மறுபடியும் அசைத்தார். சக்கரம் அரைச் சுற்று வந்தது. ஊசிக்கம்பி மேலே எழுந்து, கீழே இறங்கியது. அவர் வாயே திறக்கவில்லை. பையன்தான் கூடத்துக்குள் ஓடிப்போய் எல்லோரையும் கூட்டிவந்தான்.

அப்போதுதான் மெஷினின் அடித்தட்டில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவைக் கவனித்தேன். எங்களுக்கு முன்னால் வந்துபோன தன்னார்வலர் குழு ஒன்று ஒட்டியது. வனுவாட்டுத் தீவுகளின் பிஸ்லாமா மொழியில் பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். பழுதானால் எங்களிடம் சொல்லுங்கள்.’

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த நாடாதான்.

*

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வனுவாட்டு, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே தென் பசிபிக்கில் இருக்கும் நாடு. 80-க்கும் மேற்பட்ட தீவுகள், சுமார் 3 லட்சம் மக்கள், 100-க்கும் மேற்பட்ட மொழிகள். 1906 முதல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட நியூ ஹெப்ரிடீஸ், 1980 ஜூலை 30 அன்று விடுதலை பெற்று வனுவாட்டு ஆனது. நாங்கள் போனது வடக்குப் பக்கத்துத் தீவு ஒன்றின் கடலோரக் கிராமம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் தையல் தெரிந்தவர்கள். மூன்று வாரம் தங்கினோம். வகுப்பில் 14 பெண்கள். அங்கே மூத்த பெண்களை எல்லோரும் ‘மாமா’ என்றுதான் அழைக்கிறார்கள். தாய் என்று பொருள். நம் காதுக்கு வேறு உறவு கேட்கும் என்பதால் இங்கே ‘அம்மா’ என்றே எழுதுகிறேன்.

அவர்கள் பேசும் பொதுமொழியான பிஸ்லாமாவில் தைப்பதற்குச் ‘சோமாப்’ என்று பெயர். துணிக்குக் ‘கலிக்கோ’. முதல் நாள் அந்தச் சொல் காதில் விழுந்ததும் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். கோழிக்கோட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பருத்தித் துணிக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் அது. நம் பக்கத்துத் தறிகளின் துணி உலகம் சுற்றி, வியாபாரிகளின் வாய்வழியாக இந்தத் தீவு வரைக்கும் பெயரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதைச் சொன்னபோது வகுப்பை நடத்தும் அம்மா, “அப்படியானால் இந்தத் துணி உங்கள் ஊரிலிருந்து வந்தது; தையல் மிஷனரிகளிடமிருந்து வந்தது; பாய் மட்டும்தான் எங்களுடையது” என்றார். வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

பசிபிக் தீவுகளுக்குத் தையல் ‘கற்றுக்கொடுக்க’ப் போகிற எவரும் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன். 1820 ஏப்ரலில் தாடியஸ் என்ற கப்பலில் ஹவாய்க்கு வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிப் பெண்கள், கரை சேர்வதற்கு முன்பே கப்பல் தளத்தில் ஹவாய் அரசகுலப் பெண்களோடு உட்கார்ந்து தையல் வகுப்பு நடத்தினார்கள். உடம்பை மூடும் ஒழுக்கத்தை ஊசிவழியாகக் கற்பிப்பதாக அவர்கள் நினைத்தார்கள். ஆனால் அதே கப்பலில் கலாகுவா என்ற மூத்த அரசி வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, உங்களுடையது போலவே எனக்கும் ஓர் உடை வேண்டும், அரசரைப் பார்ப்பதற்குள் முடித்துத் தர வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார். இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் யாசகம் கேட்கவில்லை, வேலை கொடுத்தார். மரப்பட்டையை அடித்து மெல்லிய துணியாக்கி, அதில் அச்சுப் பதித்து, அடுக்கிப் போர்வையாகத் தைக்கத் தெரிந்தவர்கள் ஹவாய் மக்கள். முழுத் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி மறுபடியும் ஒட்டுவதில் அவர்களுக்கு ருசி இல்லை. துணியை எட்டாக மடித்து, ஒரே வெட்டில் பெரிய இலை வடிவம் எடுத்து, விரித்துப் பின்துணியில் பதித்துத் தைக்கும் ஹவாய்ப் போர்வைக் கலையை உண்டாக்கினார்கள். குக் தீவுகளில் இதே வழியில் வந்ததுதான் ‘திவாயவாய்’. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து மாதக்கணக்கில் தைப்பார்கள். திருமணத்துக்கும் சாவுக்கும் கொடுப்பார்கள்.

வனுவாட்டுவிலும் மிஷனரிகள் கொண்டுவந்த தொளதொள அங்கியைப் பெண்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ‘ஐலன் ட்ரெஸ்’ என்கிறார்கள். பக்கவாட்டில் இறக்கை போலத் தொங்கும் துணிகள், கையிலும் கழுத்திலும் லேஸ், ரிப்பன், கண்ணைப் பறிக்கும் பூப்போட்ட துணி. விடுதலை நாளில் அதைத்தான் உடுத்துகிறார்கள். வகுப்புக்கு வந்த 14 பேரில் 9 பேருக்கு அந்த உடையைக் கண்ணை மூடிக்கொண்டு தைக்கத் தெரியும். அளவு நாடா கிடையாது. விரித்த கையால் அளந்து, மனத்தால் வெட்டுவார்கள். ‘அடிப்படைத் தையல்’ என்று நாங்கள் நான்கு நாட்களுக்குத் திட்டம் எழுதிக்கொண்டு போயிருந்தோம். முதல் நாள் மதியத்துக்குள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டோம்.

“என்ன கற்றுக்கொடுக்கட்டும்?” என்று நேராகவே கேட்டேன்.

வகுப்பை நடத்தும் அம்மா கூடத்தின் பின்னறைக் கதவைத் திறந்து காட்டினார். ஐந்து மெஷின்கள் வரிசையாகத் தரையில். துருப்பிடித்தவை, இறுகியவை, சக்கரம் ஓடியும் தையல் விழாதவை. நாடா ஒட்டியவை இரண்டு. “இவற்றைத் திறக்கக் கற்றுக்கொடுங்கள்” என்றார்.

*

நல்ல மனத்தோடு அனுப்பப்படும் பொருட்களைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. அனுப்புகிறவர்களின் அன்பைக் குறை சொல்வது போலாகிவிடக் கூடாது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பின்னறை அலமாரியில் கம்ப்யூட்டர் பலகை வைத்த, நூற்றுக்கு மேல் தையல் வகை கொண்ட மின்சார மெஷின் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. ஊரில் இருப்பது விளக்கெரிக்கும் சோலார் தகடுகள் மட்டும். பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய ஊசிகள், குறைந்தது ஆயிரம் இருக்கும். வீட்டு மெஷின் ஊசியின் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைதான் ஊசியைச் சரியான திசையில் உட்கார வைக்கும். பெட்டியில் இருந்தவையோ ஃபேக்டரி மெஷினுக்கான ஊசிகள், தலை முழுக்க உருண்டை. அங்கிருந்த எந்த மெஷினிலும் அவை சேரா. ஆயிரம் ஊசி அலமாரியில் இருக்க, ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷின்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு 14-ஆம் நம்பர் ஊசி இருந்தது. மழுங்கினால் ஆற்றுக் கல்லில் தீட்டுவார்கள்.

இலவசமாக வரும் பழைய உடுப்பு மூட்டைகள் பற்றியும் அந்த அம்மா சொன்னார். மூட்டை வந்திறங்கினால் அடுத்த மூன்று நான்கு மாதங்களுக்கு அவர்களிடம் துணி தைக்க யாரும் வருவதில்லை. பள்ளிக் கட்டணம் கட்டத் தையல் காசை நம்பியிருப்பவர்களுக்கு அந்த மூட்டை உதவியா என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மெஷின் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இலங்கையில் பல ஆண்டு சேமித்து வாங்கிய தையல் மெஷினைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கதையைக் கேட்டுத்தான், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கரெட் ஜான்கோவ்ஸ்கி என்பவர் 2005-இல் பழைய மெஷின்களைச் சேகரித்துச் சரிபார்த்து அனுப்பத் தொடங்கினார். அதுதான் ‘தையல் மெஷின் திட்டம்’. அந்தப் பெண் இழந்தது வெறும் பொருள் இல்லை, அவருடைய தொழில் என்பதைப் புரிந்துகொண்டு தொடங்கிய வேலை அது. தையல்காரருக்கு மெஷின் கொடுப்பதும், ஊருக்கு உடுப்பு கொடுப்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள் ஒரு படி மேலே போய், மெஷினோடு ஊசி, பாபின் (கீழ் நூல் சுற்றும் உருளை), எண்ணெய், திருப்புளி நான்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அவற்றில் திருப்புளிதான் முதலில்.

*

2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஹரால்ட் புயல் வனுவாட்டுவின் வடக்குத் தீவுகளை அடித்துச் சிதைத்தது. ஐந்தாம் வகைப் புயல். சான்டோ, பென்டகோஸ்ட் தீவுகளில் பல இடங்களில் கூரை நின்ற வீடுகள் அபூர்வம். புயல் வந்த காலம் இன்னும் கொடுமை. கொரோனாவுக்காக அதற்குச் சில நாட்கள் முன்புதான் நாட்டின் எல்லையை மூடியிருந்தார்கள். அப்போது நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லை. வெளியாட்கள் வந்தால் நோயும் வரும் என்ற அச்சம். நிவாரணப் பொருள் வந்தது, வெளிநாட்டு ஆட்கள் வரவில்லை. 2022 ஜூலை 1 அன்றுதான் எல்லை மறுபடியும் திறந்தது. இடையில் இருந்த இரண்டே கால் ஆண்டும் அந்தத் தீவுகள் தங்கள் கைகளை மட்டுமே நம்பி எழுந்து நின்றன.

அந்தக் கதையை வகுப்பை நடத்தும் அம்மா எனக்கு மின்விளக்கில்லாத ஒரு சாயங்காலம் சொன்னார். புயல் எச்சரிக்கை வந்ததும் வீட்டில் முதலில் குழந்தைகளை, அடுத்து மெஷினைத்தான் பாதுகாத்தார்களாம். பாயில் சுற்றி, அதன் மேல் தார்ப்பாய் சுற்றி, பள்ளிக்கூடத்தின் சிமென்ட் கட்டடத்தில் மேஜைக்கடியில் வைத்தார்கள். ஏழு மெஷின்களும் தப்பின. பிறகுதான் சோதனை. உப்புக் காற்றும் ஈரமும் ஊறி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கிழிந்த தார்ப்பாயைத் தைக்க வேண்டும், குழந்தைகளுக்குத் துணி தைக்க வேண்டும், பள்ளிப் பை தைக்க வேண்டும். ஓடியது ஒரு மெஷின் மட்டும். ‘பழுதானால் எங்களிடம் சொல்லுங்கள்’ என்று நாடா ஒட்டியவர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். அவர்கள் எப்படி வருவார்கள்? நாடே பூட்டியிருக்கிறது. ஆனாலும் யாரும் ஸ்க்ரூவைத் தொடவில்லை. பரிசாகக் கொடுத்தவர்கள் தொடாதே என்று சொன்ன பொருள். தொட்டுக் கெடுத்துவிட்டால் அவமரியாதை என்று நினைத்தார்கள்.

கடைசியில் படகு என்ஜின் பழுது பார்க்கும் ஓர் இளைஞன், மனைவி சொல்லச் சொல்ல, இரண்டாவது மெஷினைத் திறந்தான். பாபின் உட்காரும் ஷட்டிலுக்குள் நூல் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்துப் போட்டு, படகு என்ஜின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு ஓட்டினான். ஓடியது.

படகு என்ஜினைக் கடல் நடுவில் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஊர் அது. தையல் மெஷின் அதில் கால்வாசிகூட இல்லை. அவர்களுக்குத் திறமை இல்லாமல் போகவில்லை, அனுமதி இல்லாமல் போனது. ஒரு விரல் நீள நாடாவால்.

*

பிறகு வகுப்பு அப்படியே திசை மாறியது. தினமும் காலையில் ஒரு மெஷினைத் தரையில் பாய் விரித்துப் பிரிப்போம். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றிய வரிசையிலேயே பாயின் ஓரத்தில் வைக்க வேண்டும். மாட்டும்போது கடைசியிலிருந்து முதல். பாயின் பின்னலே கட்டம் கட்டமாக இருப்பதால் ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்க்ரூ. இந்த உத்தியை நான் சொல்லவில்லை, அவர்களே செய்தார்கள். இப்போது நான் எங்கே போனாலும் இதைத்தான் செய்கிறேன்.

தையலின் கோளாறைப் படிப்பதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டால், புதிதாகப் பழகுபவர்கள் பாபினைத்தான் சந்தேகிப்பார்கள். கோளாறு பெரும்பாலும் மேலே இருக்கும். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் சரியாக உட்கார்ந்திருக்காது. கீழ் நூல் மேல்பக்கம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால், மேல் நூல் மிக இறுக்கமாக இருக்கலாம். இல்லையென்றால் பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸ் தளர்ந்திருக்கும். வகுப்பிலிருந்த ஒரு பெண் இதைப் பாட்டு மாதிரி ஆக்கிவிட்டாள்: ‘கீழே சுருண்டால் மேலே பார், மேலே தெரிந்தால் கீழே பார்.’ மூன்றாம் நாள் கூடத்தைச் சுற்றி விளையாடிய குழந்தைகளெல்லாம் இதைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஊசியை எண்ணெய் தொட்ட துணியில் சுருட்டி, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வைப்பது. வேலை முடிந்ததும், துணியை அழுத்தும் மெஷின் காலுக்கடியில் துண்டுத் துணி வைத்துவிடுவது. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும் என்பதால் சுமை தாங்கும் தையலுக்கு பாலியெஸ்டர் நூல். இவையெல்லாம் சின்ன விஷயங்கள். மூன்று வாரத்தில் பின்னறையின் ஐந்தில் நான்கு எழுந்துவிட்டன. ஐந்தாவதைப் பிரித்து உதிரி பாகங்களாக, பெயர் எழுதிய துணிப் பைகளில் போட்டுவைத்தோம். அந்தப் பைகள்தான் அந்த ஊரின் பெரிய சொத்து என்று அம்மா சொன்னார்.

*

பெண் பிள்ளைகளுக்கான துவைத்துப் பயன்படுத்தும் மாதவிடாய்த் துணிகள் தைப்பது எங்கள் பயணத்தின் இன்னொரு வேலை. இதில் வேறொருவர் பட்ட பாடு எங்களுக்குப் பாடமாக இருந்தது. ‘டேஸ் ஃபார் கேர்ள்ஸ்’ என்ற அமைப்பை 2008-இல் செலஸ்ட் மெர்கன்ஸ் தொடங்கியபோது, கென்யாவில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்துப் பெண் பிள்ளைகளுக்கு முதலில் தூக்கியெறியும் நாப்கின்களைத்தான் கொடுத்தார்கள். அவற்றைப் போட இடமில்லை. பிறகு துவைக்கும் துணி தைத்தார்கள். வெள்ளைத் துணி, கறை தெரிந்தது. பார்த்தாலே இன்னது என்று தெரியும் வடிவம், வெயிலில் உலர்த்தப் பெண்கள் கூசினார்கள். அந்தக் குறைகளைப் பயன்படுத்தியவர்களே சொல்லச் சொல்ல மாற்றினார்கள். இன்றைய வடிவத்தில் அடர்நிறப் பூத்துணியில் தைத்த சதுரத்தை மூன்றாக மடித்து வைத்துக்கொள்ளலாம். கொடியில் விரித்தால் கைக்குட்டை போலத்தான் தெரியும். நன்றாக வெயில் படும், சீக்கிரம் காயும். வெயில் படாமல் வீட்டு மூலையில் காயும் ஈரத்துணி எவ்வளவு துன்பம் என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வனுவாட்டுவிலேயே இந்த வேலையைச் செய்யும் உள்ளூர் நிறுவனம் உண்டு. தலைநகர் போர்ட் விலாவில் இயங்கும் ‘மம்மாஸ் லைஃப்’. 2018 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் பைக்கும் உறிஞ்சு குழாய்க்கும் தடை கொண்டுவந்த நாட்டில், துவைத்துப் பயன்படுத்தும் துணியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களிடம் இருந்த வெட்டுப் படிவத்தில் பிளாஸ்டிக் அழுத்துப் பொத்தான் இருந்தது. அதைப் பதிக்கத் தனி இடுக்கி வேண்டும். பொத்தான் தீர்ந்தால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இரண்டாம் நாளே அந்தப் பாக்கெட்டை ஓரம் வைத்துவிட்டு, ஒரு பெரியவர் சிரட்டையை அறுத்து வந்தார். நாணயத்தின் கனத்துக்குத் தேய்த்து, ஓரத்தை மழுக்கி, சூடான ஆணியால் இரண்டு துளை. முதல் பொத்தான் கனமாக இருந்தது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைக் கையில் வைத்துப் பார்த்து, தங்களுக்குள் கிசுகிசுத்துச் சிரித்து, திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முயற்சியில் வந்தது விரல் நகம் போல மெலிதாக, பழுப்பும் பொன்னுமாக மினுங்கியது. இப்போது அந்தக் காஜாவும் பொத்தானும் வைத்த படிவத்தைத்தான் நாங்கள் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோகிறோம்.

*

ஒருநாள் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுக்க ரோஜாப்பூ வரைந்த தாளை எடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வெளியே போனார். கூடத்து வாசல் மணலைக் கையால் தடவிச் சமமாக்கி, கோடுகளால் கட்டம் போட்டு, சுட்டுவிரலை மணலில் வைத்தார். பிறகு எடுக்கவே இல்லை. விரல் வளைந்து, கட்டத்தின் ஒவ்வொரு சந்திப்பையும் சுற்றி, தன் தடத்தையே வெட்டிக்கொண்டு திரும்பி வந்து, தொடங்கிய இடத்தில் நின்றபோது மணலில் ஓர் ஆமை இருந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. சிக்குக் கோலம் போட்டு வளர்ந்த எவருக்கும் சிலிர்க்கும். யுனெஸ்கோ 2003-இல் உலகின் அரிய மரபாக அறிவித்த வனுவாட்டு மணல் சித்திரம் அது. கதையும் வழியும் சேதியும் அதில் உண்டு.

ஒரே கோடு, நடுவில் அறுந்துபோகாத கோடு. சங்கிலித் தையலுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது. நூலை வெட்டாமலே முழு ஆமையையும் தைத்துவிடலாம். ஆனால் அவர் உடனே துணியில் வரைய விடவில்லை. சில சித்திரங்கள் சில குடும்பங்களுக்கு உரியவை. மூத்தவர்களிடம் போய்க் கேட்டுவிட்டு மறுநாள் வந்தார்: ஆமையைத் துணியில் தைக்கலாம், விற்கலாம், இன்னொன்றை மணலோடு விட்டுவிட வேண்டும். எது அந்த இன்னொன்று என்பதை நான் கேட்கவில்லை.

பாய் முடையவும் உட்கார்ந்தேன். தாழை ஓலையின் முள்ளைச் சீவி, வெயிலில் வெளுத்து, இழையாகக் கிழித்து முடைவது, கண்ணுக்கு எளிது. ஓரம் மடிக்கும் இடத்தில் என் இழை தளர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒரு சொல்லும் பேசாமல் நான்கு வரிசையைப் பிரித்து, மறுபடியும் முடைந்து, என் கையில் கொடுத்தாள். அம்பே தீவிலிருந்து வந்து குடியேறிய ஒரு பாட்டி எங்களோடு இருந்தார். 2017-இல் எரிமலை புகையத் தொடங்கி, அந்தத் தீவின் சுமார் 11,000 பேரையும் வெளியேற்றியபோது வந்தவர். சிவப்புச் சாயம் ஏற்றிய தன் தாயாரின் பாயைச் சுருட்டிக்கொண்டு படகேறியிருக்கிறார். அதை எனக்கு விரித்துக் காட்டினார். தொடச் சொன்னார். கையை எடுக்க மனம் வரவில்லை.

*

கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள், ஒவ்வொருவரும் ஒரு மெஷினைத் தனியாகப் பிரித்துப் பூட்டினார்கள். நாங்கள் ஐந்து பேரும் கூடத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே வரக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. சாயங்காலம் அம்மா வந்து, வெள்ளை நாடாக்களைச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். நான் என் திருப்புளிகளை, சின்னதும் பெரியதுமாக ஆறையும், துணி உறையோடு அவரிடம் கொடுத்தேன். சரக்குக் கப்பல் மறுநாள் வந்தது.

ஐந்து மாதம் கழித்து அம்மாவிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. பாயின் ஒரு கட்டத்தில் கடுகளவு ஸ்க்ரூ. இன்னொரு படத்தில் பூத்துணி, தையல் வரிசையில் கீழ் நூல் புள்ளி புள்ளியாக மேலே எட்டிப் பார்த்தது. செய்தி ஒரு வரிதான்: ‘மேலே தெரிகிறது, கீழே பார்த்தோம், இது மிச்சம். எங்கே?’

பாபின் கேஸின் பக்கவாட்டுத் தகட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ அது. படம் வரைந்து அனுப்பினேன். சிக்னல் கிடைக்க அவர் குன்றின் மேல் ஏற வேண்டும். நான்காம் நாள் பதில் வந்தது, குரல் பதிவு. பேச்சே இல்லை. பதினொரு விநாடி மெஷின் ஓடுகிறது, பின்னால் ஒரு சேவல் கூவுகிறது. காதோடு வைத்து மூன்று முறை கேட்டேன். தையல் சீராக விழுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஷட்டில் பக்கம் மட்டும் லேசான ஒரு தட்டல். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், மெஷின் எண்ணெய், என்று எழுதினேன்.